3A எந்த மாடி?

உஷாராணி அக்காவை நான் முதலில் பார்த்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டோ எனும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டுக்குள். விற்பனைக்கு இருந்த வீட்டைப் பார்க்க வந்திருந்தார். மூன்றுக்கும் 3A-க்கும் நடுவே அவர் விரல் ஆடிக்கொண்டிருந்தது. கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய எனக்கும் இங்கே வாடகைக்கு வந்த புதிதில் அதே தடுமாற்றம்தான்.

"3A அமுக்குங்கக்கா. அது நாலாவது மாடி. சீனவங்க பேச்சுல நாலுன்னா சாவு மாதிரி கேக்கும், ஆகாதுலா, அதான் இப்படிப் போட்டிருக்காங்க."

"நாலா? எங்க வீட்டுக்காரருக்கும் ஆகாதே தம்பி."

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் குடியிருந்த அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. கார் ஓட்ட வராது. கணவர் சின்னையா தினமும் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அவருக்கு ஷிப்ட் மாறினால் அக்காவின் பிழைப்பும் மாறும். ஒரு கட்டுக் கீரைக்கும் யாராவது கார் எடுக்க வேண்டும். வாசலை விட்டு இறங்கினால் தன் காலாலேயே வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும்படி ஒரு வீடு வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். பணக்காரர்கள் பேட்டை என்றாலும் பேங்க் கடனுக்குச் சரி சொல்லிவிட்டது. சின்னையா மட்டும் எண் பார்க்காமல் நகரமாட்டார். அவர் கவிழ்த்த லோரியின் நம்பர் கூட்டினால் நாலு.

அந்தச் சனிக்கிழமை அவரையும் அழைத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார் அக்கா.

"லிஃப்ட் போர்டுல நாலே இல்லையே அங்கிள். மூணு, பக்கத்துல ஒரு ஏ," என்றான் வீட்டு ஏஜெண்ட் டேரன்.

சின்னையா, கிள்ளானில் எண்கணிதம் பார்க்கும் பரமேஸ்வரனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ எழுத்துக்கு ஒண்ணு. மூணும் ஒண்ணும் நாலு. ராகு," என்றார் பரமேஸ்வரன்.

"நாலுக்குப் பயந்து ஓடி, நாலு மேலயே வந்து விழுந்திருக்கான் கட்டுனவன்," என்றார் சின்னையா.

டேரன் விடவில்லை. "கீழ தரைத்தளம் இருக்குல்ல அங்கிள்? அதையும் சேர்த்து எண்ணுங்க. அஞ்சு."

"அஞ்சுன்னா புதன். நல்லது. கார் நிறுத்தற தளம் ஏதும் இருக்கா?" என்றார் போனில் பரமேஸ்வரன்.

"அடியில ரெண்டு இருக்கு."

"அப்போ ஏழு. கேது."

அக்காவுக்குத் தலை சுற்றியது. மூன்றா, நாலா, ஐந்தா, ஏழா? கதவு ஒன்றுதான், அதுவும் கண்ணெதிரே இருக்கிறது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். மர நிழலில் ஒருத்தி காய்கறிப் பையோடு யாரையும் எதிர்பார்க்காமல் நடந்துபோனாள்.

"அண்ணே," என்றார் போனிடம். "நான் தினம் இறங்கி நடக்கப்போறது தரையில. அது என்ன நம்பருன்னு சொல்லுங்க."

"ரோட்டுக்கெல்லாம் யாரும்மா நம்பர் பாப்பாங்க?" என்றார் பரமேஸ்வரன்.

"பாக்க வேணாம்ல? அந்த ரோட்டுக்காகத்தான் இந்த வீட்டை வாங்குறேன்."

சின்னையா போனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "என்னமோ போ உஷா. ஒண்ணும் புரியல. அஞ்சுன்னே வச்சுக்குவோம்."

இன்றைக்கும் அவர் சொந்தக்காரர்களிடம் ஐந்தாம் மாடி என்றுதான் சொல்கிறார். அவர்களும் லிஃப்டில் ஐந்தை அமுக்கி, ஒரு மாடி மேலே போய் வேறு யாரோ வீட்டு மணியை அடிக்கிறார்கள்.

உஷாராணி அக்கா இப்போது 3A-வில் இருக்கிறார். வேலைக்கு நடந்தே போகிறார். எந்த மாடி என்று கேட்டால் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "கீழ வந்து போன் பண்ணுங்க, நானே இறங்கி வரேன்" என்கிறார்.