பூட்டிக்கொண்ட கை

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் கேரம் கிளப்பில் என்னைவிட நன்றாக ஆடுகிறவன் ஒருவனும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பகலில் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாயங்காலமானால் ஸ்ட்ரைக்கர்தான். இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடி என் மனைவியின் தம்பி.

போன வருடம் வயிற்றுப் புண் முற்றி ஓட்டை விழுந்து, ஆபரேஷன் ஆனது. இரைப்பையில் பாதி, குடலில் ஒரு பங்கு, இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் ஆறியதும் மனைவி விடவில்லை. கேழ்வரகுக் கூழ், பால், முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி என்று போட்டுத் தாக்கினாள். நானும் வஞ்சனை இல்லாமல் தின்றேன். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை, கக்கூஸுக்கு ஓடியதுதான் மிச்சம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுரீர் சுரீரென்றது. நாள் முழுக்க வண்டி அதிர்கிறதே, விரல் மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ராயபுரத்தில் ஒரு போட்டி, கடைசி போர்டு. ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்துகொண்டது. மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குழந்தைக்கு ஊட்டச் சோற்றை உருட்டிப் பிடித்த கை மாதிரி இருந்தது. இடது கையால் இழுத்துப் பார்த்தும் பிரியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருவொற்றியூர் போட்டியிலும் அதே கதை. வீட்டிலோ யார்டிலோ ஒரு நாளும் இப்படி ஆகவில்லை.

"மாமா, கோச்சிக்காதே" என்றான் மச்சான். "ஒனக்கு பயம் வந்துகீது. ஆபரேஷனுக்கப்புறம் நீ பழைய ஆளா இல்ல. அடுத்த மேட்ச்சுக்கு நான் வேற ஆள இட்டுகினு போறேன்."

"யாருக்குடா பயம்?" என்று கத்தினேன். வயிற்றைக் கிழித்தபோது மயக்கத்தில் இருந்தேன், வலி தெரியவில்லை. இது நன்றாகவே வலித்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் செக்கப். துணைக்கு மனைவி அவனைத்தான் அனுப்பினாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸம்மா பிரஷர் பார்க்க என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடியும் அடித்து, இறக்காமல் பிடித்திருந்தார். என் கண்ணெதிரே கை மெல்ல மடங்கிப் பூட்டிக்கொண்டது. அங்கே போர்டும் இல்லை, கூட்டமும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"மச்சான், இங்க வந்து பாருடா! இந்தம்மாவுக்கா நான் பயப்படுறேன்?"

நர்ஸம்மாதான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டார்.

ரத்தத்தில் கால்சியம் ரொம்பக் குறைவு என்றார் டாக்டரம்மா. "நீங்க சாப்பிடறதுல குறை இல்லை. சத்தை உறிஞ்சி ரத்தத்துல சேர்க்கிற இடத்துல ஒரு பகுதி இப்ப உங்ககிட்ட இல்லை. கால்சியம் குறைஞ்சா, பட்டையால கையை இறுக்கினாலே இப்படி இழுத்துக்கும். டென்ஷன்ல வேகமா மூச்சு விட்டாலும் அப்படித்தான்." அதனால்தான் போட்டியில் மட்டும் வந்திருக்கிறது. அன்றைக்கே நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். இனி ஆயுசுக்கும் கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நெத்திலியை மட்டும் நம்பினால் போதாதாம்.

"நான் இன்னாத்த கண்டேன் மாமா" என்று மச்சான் தலையைச் சொறிந்தான். போகட்டும் என்று விட்டேன்.

உடம்பு தேறியதும் எண்ணூரில் ஒரு போட்டிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். கடைசி போர்டில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டேன். அதோடு சேர்த்துப் போடவேண்டிய காய் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. அதைப் போட்டால் ஜெயம், கண்ணை மூடிக்கொண்டுகூடப் போடலாம். அடித்தேன். விளிம்பில் தட்டித் திரும்பி வந்தது.

கூட்டம் சிரித்தது. மச்சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஏய், இன்னா சிரிப்பு? எங்க மாமாவுக்கு கொடல வெட்டிகீறாங்க! கால்சியம் கம்மி அவருக்கு!"

நான் கையைத் தூக்கி ஐந்து விரலையும் எல்லாருக்கும் தெரிய விரித்துக் காட்டினேன்.

"கை நல்லாத்தான் கீது மச்சான். பயந்துட்டேன், அவ்ளோதான்."

தோற்றுவிட்டு வெளியே வந்தோம். அடுத்த போட்டிக்கு எங்கள் இருவர் பெயரையும் அவனே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.