இலத்தூரில் என்னை இறக்கிவிட்ட ஹெலிகாப்டர்

1986 ஜூலை. எங்களுக்குக் கல்யாணமான வருஷம். என் மனைவி செல்வியின் அண்ணன் கதிரேசன் ஹெலிகாப்டர் பைலட். மலைக்காட்டை அளக்கும் வேலைக்காக, இலத்தூர் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார். வேலை முடிந்ததும் வீட்டாரைக் குற்றாலத்துக்கு மேல் ஒரு சுற்று கூட்டிப்போக அவருடைய முதலாளி அனுமதி தந்தார். ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தென்காசியில் காலை பஸ்ஸைத் தவறவிட்டதால், போய்ச் சேரும்போது உச்சி வெயில். சீசன்தான், ஆனால் அன்று சாரலே இல்லை. நிலத்துக்காரர் அண்ணாச்சியும் அவர் மனைவியும் எங்களோடு ஏறினார்கள். மச்சானுக்கென்று நாலு பலாப்பழங்களையும் அண்ணாச்சி ஏற்றினார்.

"பயமா இருக்குங்க," என்றாள் செல்வி.

"ரெண்டு இன்ஜின் இருக்குல்லா. ஒண்ணு நின்னா இன்னொண்ணு," என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

வண்டி ஆள் உயரம் எழும்பி அந்தரத்தில் நின்றது. மச்சான் முன்னாலிருந்த, இன்ஜின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்தார். மெதுவாக மறுபடி தரையில் இறக்கிவிட்டார்.

"ரிப்பேரா மச்சான்?"

"ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. ஆனா முள்ளு சிவப்புக் கோட்டை ஒட்டி நிக்குது. இந்த வெயில்ல காத்து லேசாயிரும், இன்ஜினுக்கும் பலம் கொறையும். எதிர்ல நிக்குத அந்தப் பனையைத் தாண்டுததுக்குள்ள ஒண்ணு நின்னுட்டா, மிச்ச ஒண்ணு எல்லாரையும் தூக்கணும். இப்ப தூக்காது. சுமையைக் கொறைக்கணும்."

பலாப்பழங்கள் இறங்கின. மறுபடி எழும்பினோம். முள் கொஞ்சம்தான் இறங்கியது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் நால்வரில் கனத்த ஆள் நான்தான்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க..."

"நானும் எறங்கிருதேன்," என்றாள் செல்வி.

"நீ உக்காருட்டி!" என்றார் அண்ணன்.

முகம் சுண்டிப்போய், பலாப்பழங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். வண்டி எழும்பி, காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, பனை உச்சிக்கு மேலே தாராளமாக ஏறியது. தனியாக நின்று கைதட்டினேன்.

திரும்பி வந்த செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஐந்தருவில குளிச்சவங்க எல்லாரும் அண்ணாந்து கை காட்டுனாங்க! நானும் காட்டுனேன்!"

மச்சான் கூப்பிட்டார். "அண்ணாச்சி எறங்கியாச்சு, எண்ணெயும் கொறைஞ்சிருக்கு, மேகம் மூடி காத்தும் குளிர்ந்துட்டு. ஏறுங்க மாப்பிள்ளை." செல்வியும் தாவி ஏறினாள். கீழே எது எந்த அருவி என்று வழிகாட்டி போல எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஐந்தருவிக்கு விடியும்போதே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. எங்கேயாவது பறக்க வாய்த்து, பைலட் உங்களை இறங்கச் சொன்னால், மறுபேச்சில்லாமல் இறங்குங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவரோடுதான் நம்பி ஏறலாம்.