கண்ணாடியில் மஞ்சள் பொடி

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. ‘பளிங்கு’ என்றால் போதும், ஐந்தாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷம் கண்ணாடி துடைத்துச் சம்பாதித்த பெயர், சும்மா வந்ததில்லை.

சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வளைத்து வளைத்துக் கொண்டுவருவார், நடுவில் கை எடுக்கவே மாட்டார். ஓரத்தில் நிற்கிற கடைசிச் சொட்டை விரலில் சுற்றிய பழந்துணியால் ஒற்றி எடுப்பார். பிறகு பத்தடி தள்ளிப் போய்ச் சாய்வாக ஒரு பார்வை. “கண்ணாடி இருக்குன்னு தெரிஞ்சா அது துடைச்ச கண்ணாடியே இல்ல” என்பார். ஒருமுறை மேனேஜரே வாசல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கிப் போனார். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் பளிங்கு. “சிரிப்பீங்க. மண்டை உடைஞ்சிருந்தா இப்போ கம்பி எண்ணிக்கிட்டு இருப்பீங்க” என்றாள் மனைவி.

முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி நெடுக ஒரு செடி வரிசை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோட்டக்கார அக்கா நட்டது. காசு கொடுத்து வாங்கிய சீமைச் செடியில்லை, அந்த மண்ணிலேயே கேட்பாரற்று முளைக்கிற ஜாதி. விரல் நீளத்துக்குக் குழல் குழலாகச் சிவப்புப் பூ. பூக்கிற இரண்டு மாதமும் விடிந்தால் தேன்சிட்டுகள் ஆஜர். கட்டைவிரல் தண்டி உருவம், வளைந்த அலகு. குழலுக்குள் அலகை விட்டு உறிஞ்சும்போது பூவின் மஞ்சள் பொடி நெற்றியில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அந்த நெற்றியோடு போகும். அவ்வளவு ஆழத்துக்குத் தேனீ எட்டாது. சிட்டு வந்து போனால்தான் அந்தச் செடியில் காய்.

பளிங்குக்கு அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. பூக்கத் தொடங்கிவிட்டால் கண்ணாடியில் தினமும் மஞ்சள் கறை. பட்டாணி அளவு ஒரு புள்ளி, சுற்றிலும் லேசாகப் புகை படிந்த மாதிரி மங்கல். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. காற்று வாரி அடித்த பூப்பொடி என்று நினைத்துத் திட்டிக்கொண்டே துடைப்பார்.

“அக்கா, உங்க செடியை வெட்டித் தொலைங்களேன். என் உயிரை எடுக்குது.”

“வெட்டு தம்பி, நீயே வெட்டு. பூத்து என்ன பிரயோஜனம்? ஒரு காய் பிடிக்குதா? விதைக்காக நாலு வருஷமா நாய் மாதிரி காத்துக் கிடக்கேன். சிட்டு முதல் வாரம் வருது, அப்புறம் குறைஞ்சிடுது. எங்கதான் போய்த் தொலையுதோ.”

போன வருஷம் பூக்காலத்தில் ஒரு நாள், வாசல் கூட்டுகிறவருக்குக் காய்ச்சல், ஆள் வரவில்லை. ஏழு மணிக்கு வாளியோடு வந்த பளிங்கு, செடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டாத சருகுக்கு நடுவே மூன்று தேன்சிட்டுகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். கனமே இல்லை. கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. நெற்றியில் மஞ்சள் பொடி.

நிமிர்ந்து பார்த்தார். நேர் மேலே, முதல் மாடிக் கண்ணாடியில் பட்டாணி அளவு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் இருந்த மங்கல் விரித்த சிறகு என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்து மரமும் வானமும் கண்ணாடிக்குள் அச்சாக நின்றன. அதை நம்பித்தான் பறந்திருக்கின்றன.

நாலு வருஷமாகத் தன் கையால் துடைத்த புள்ளிகள். எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கூட்டுகிறவர் சாதாரணமாகச் சொன்னார்: “தினம் ரெண்டு மூணு கிடக்கும்ணே. சருகோட சருகா அள்ளிருவேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

அன்று பளிங்கு கண்ணாடியைத் துடைக்கவில்லை. சாக்பீஸை இடித்துச் சோப்புத் தண்ணீரில் குழைத்து, நாலு விரல் இடைவெளியில் மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்தார். கயிறு கட்ட நேரமில்லை, ஏணியில் நின்று கை எட்டியது இரண்டாம் மாடி வரை. அதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“என்னண்ணே இது? ஜெயில் கம்பி மாதிரி! நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து பெரியவர் வர்றார். நம்ம க்ளீனிங் காண்டிராக்டே அவர் கையெழுத்துலதான் இருக்கு. அழிங்க, உடனே அழிங்க.”

“பூ உதிரட்டும் தம்பி, அழிச்சிடுறேன்.”

“குருவிக்காக வேலையை விடுவீங்களா?”

“தெரியல தம்பி. துடைக்கக் கை வர மாட்டேங்குது.”

வீட்டில் அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. “வேலை போயிட்டா பார்த்துக்கலாம். இப்போ சாப்பிடுங்க” என்றாள்.

பெரியவர் காரை விட்டு இறங்கியதுமே முகம் சுளித்தார். “யார் இதைத் துடைக்கிறது?”

“நான்தாங்க ஐயா” என்று முன்னால் வந்தார் பளிங்கு. “துடைக்கலங்க.” செடியைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார், தரையைக் காட்டினார். சொன்னது நாலே வாக்கியம். பெரியவர் கண்ணாடிக்குக் கிட்டே போய்க் கோடுகளுக்கு நடுவே தன் முகத்தையும் பின்னால் தெரிந்த வானத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே?”

“கேட்டுக்கிட்டு நின்னா மறுநாள் விடிஞ்சிருக்கும்ங்க. இன்னும் மூணு செத்திருக்கும்.”

பெரியவர் உள்ளே போய்விட்டார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பூ இருக்கும்வரை போட்ட கோடுகள் அப்படியே இருக்கலாம். சொல்லாமல் செய்த ஆளுக்கு இனி முன்பக்க வேலை கிடையாது. பின்கட்டடத்துக் கோப்பு அறைகளைக் கூட்டித் துடைக்க வேண்டியது. அங்கே பேருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. அவரைப் பளிங்கு என்று கூப்பிடுவதும் மெல்ல நின்றுபோனது.

இந்த வருஷம் பூக்காலத்துக்குப் புதிய ஆள் அதே கோடுகளை இழுத்தான். பூ முடிகிற நேரத்தில் தோட்டக்கார அக்கா பின்கட்டடத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“காய் பிடிச்சிருக்கு தம்பி! கொத்துக் கொத்தா. வந்து பாரு.”

மனிதர் தரை துடைப்பதை நிறுத்தவில்லை. “சிட்டு ஏதும் விழுந்துச்சா?”

அக்காவின் குரல் இறங்கியது. “ஒண்ணு. நேத்திக்கு.”

“எங்க?”

“மூணாவது மாடியில அடிச்சிருக்கும் போல. அங்க கோடு இல்லையே.”

அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறையைப் பார்த்து நடந்தார். மூன்றாவது மாடிக்கும் கோடு இழுக்க வேண்டும், இந்த முறை கேட்டுவிட்டே செய்வதாக இருந்தார். முடியாது என்று அவர் சொன்னால் என்ன செய்வதென்றும் முடிவு செய்திருந்தார்.