தோல் கூட்டுக்கு உப்பு

அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்த பிறகு, குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய் ஒரு சொட்டு எடுத்து நக்கிப் பார்ப்பேன். போட்டுத்தான் இருக்கும். செருப்பை மாட்டும்போது, ஒருவேளை இரண்டு தடவை போட்டுவிட்டோமோ என்று வரும். இந்தப் பழக்கம் எப்போது என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள்.

நாங்கள் திருவிடந்தையில் இருந்தோம். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோயில் திருப்பத்தில் தள்ளுவண்டி போட்டிருந்தார். மற்ற மாசங்களில் இளநீர், வெயில் ஏறினால் தர்பூசணி. மாமல்லபுரம் போகிற கார்க்காரர்களுக்குத் துண்டைக் கையில் பிடித்துக் கடிக்கப் பிடிக்காது, சட்டையில் சாறு வழியும். அதனால் நைனா சதையை மட்டும் செதுக்கி எடுத்துக் கப்பில் போட்டு, ஒரு குச்சியைக் குத்திக் கொடுப்பார். சாயங்காலம் வண்டிக்கடியில் எச்சில் படாத தோல் குவிந்து கிடக்கும். அது மாட்டுக்காரருக்குப் போக வேண்டியது. போகிற வழியில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் வரும்.

அம்மா அதன் பச்சைத் தோலைச் சீவி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கிற வெள்ளையைப் பொடியாக நறுக்குவாள். பாசிப்பருப்பு ஒரு கை. தேங்காய் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கடைசியில் சென்னாகுன்னியை, அந்தத் தலையும் வாலும் தெரியாத பொடிக் கருவாட்டை, வெறும் சட்டியில் வறுத்து மேலே கொட்டுவாள். அந்த வாசனை ரோட்டுவரை போகும். இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உப்புப் பார்ப்பாள். அவள் கண்ணைத் திறக்கும்வரை நானும் நைனாவும் தட்டோடு காத்திருப்போம். நைனா தட்டைத் திருப்பிப் போட்டு விரலால் தாளம் போடுவார். ஒரு காசு செலவில்லாத கூட்டுக்கு எங்கள் வீட்டில் அத்தனை ஆர்ப்பாட்டம்.

ஊரப்பாக்கத்திலிருந்து எப்போதாவது வருகிற அத்தைக்கு, நைனாவின் அக்காவுக்கு, இது பிடிக்காது. "மாட்டு வாய்லேர்ந்து புடுங்கித் துன்ற குடும்பம் இது ஒண்ணுதான்டா" என்று நைனாவைக் கிண்டல் செய்வாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்குச் செங்கல்பட்டு போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்க்கும் துணிப்பையும்தான் இருந்தன. தம்பி எங்கே என்று கேட்டேன். நைனா, "சாமிகிட்ட கீறான்" என்றார். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

வந்த வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது என்ற பழக்கதோஷத்தில், கடற்கரையிலிருந்து பால்சுறா வாங்கிவந்து கொடுத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். நைனா அதைப் பின்பக்கம் வைத்துப் புட்டாக்கினார். அன்றைக்கு நான் மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா நெஞ்சில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஏன் கட்டியிருக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

பத்தியம் முடிந்தது. தீட்டும் கழிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள், தள்ளி வைப்பாள். பேச்சே இல்லை. ஒருநாள் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் குடத்தோடு நின்றதை யாரும் பார்க்கவில்லை.

"இன்னும் எயுந்துக்கவே இல்லியா அவ?"

"எங்க? ரெண்டு வாய் சோறுதான் துன்றாளாம். இப்டியே கெடந்தா அவளும் அந்தப் புள்ள பின்னாடியே போய்ருவா."

நான் குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மா எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்று எண்ண ஆரம்பித்தேன். இரண்டு என்றால் ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பேன். மூன்று என்றால் அன்றைக்குத் தூக்கம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கினாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. படுத்திருந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நைனாவிடம், "டேய், சாயங்காலம் வரசொல்ல தோல் எட்தா. உன் பொண்டாட்டி வைப்பாளே, அந்தக் கூட்ட நானே வெச்சுப் பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் பின்பக்கம் அடுப்பு வைத்திருந்த ஓலைச் சாய்ப்பில் அத்தை கூட்டு வைத்தாள். இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கக் குழாயடிக்குப் போனாள். சமைத்து முடித்துக் குளித்துவிட்டுத்தான் பரிமாறுவது அவள் வழக்கம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா செய்கிற மாதிரி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை.

வயதானவள், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவாள். ஒரு வாய் என்றால் என்ன ஆகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கிளறினேன். கரைகிறவரை கிளறினேன்.

அத்தை குளித்துவிட்டு வந்து முதலில் அம்மாவுக்குத்தான் போட்டாள். போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பிட்டாள். மூன்று வாய். தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நான் மூச்சு விட்டேன்.

அத்தை தனக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். எழுந்து போய் ஜாடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஏன்டி பாப்பா, நான் இதுக்கு உப்பு போட்டனா?"

"போட்டீங்க அத்த."

"போட்டனா?"

"பாத்தேன் அத்த."

அத்தை நெற்றியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மறதி அதிகமாகிறது என்று எனக்கு இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது.

இரண்டாம் நாளும் தோல்தான். அன்றும் உப்பில்லை. அன்றும் நான் போட்டேன். அம்மா மூன்று வாய். அத்தை இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் உப்பு ஜாடி எனக்கு எட்டாத பரணுக்குப் போய்விட்டது. "எறும்பு வருதுடி" என்றாள். உப்பில் எறும்பு வருமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பெரியவர்களிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு கல் உப்பு வாங்கி, பாவாடை முனையில் முடிந்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கூட்டுக்கு அதுதான். கொஞ்சம் கம்மிதான், இருந்தாலும் ஒப்பேறியது. மூன்று வாய். முடிச்சில் இன்னும் இரண்டு கல் மிச்சம் இருந்தது, நாளைக்கு ஆகும் என்று விட்டுவைத்தேன். அன்று சாயங்காலம் அத்தை என் துணிகளைத் துவைத்தாள். கொடியில் தொங்கிய பாவாடையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. தண்ணீரில் கரைந்து தானாக அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, மறுபடி நாலு கல் வாங்கிவந்தேன்.

நாலாம் நாள் கூட்டை இறக்கியதும் அத்தை குளிக்கப் போகவில்லை. ஒரு சொம்பில் மோரை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"நைனாக்கு குட்துட்டு வா. வெயில்ல நின்னுகினு கீறான்."

"நைனா மோர் குடிக்காது அத்த."

"இன்னிக்கி குடிப்பான். போடி."

"நீங்க குளிச்சுட்டு வாங்க அத்த, நான் அப்பறம் போறேன்."

"நான் குளிக்கிறதுக்கும் அவன் மோர் குடிக்கிறதுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி மோர் ரோட்டிலேயே போனது. கோயில் வாசலில் கல்யாணம் ஆகாத பிள்ளைகளும் பெண்களும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்ற வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து, பெருமாளே, அம்மா இன்னிக்கு மட்டும் இரண்டு வாயாவது சாப்பிடட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓடினேன். நைனா சொம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்த குடுக்கவா இப்டி ஓடியார?" என்றார். திரும்பி ஓடினேன்.

வீட்டு வாசலில் காலை வைக்கும்போது ஒரு குரல் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு நாள் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு.

"இன்னா அண்ணி இது? உப்பே இல்ல."

அத்தை அசையவில்லை. தன் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இல்லாட்டி இன்னாமே? எனக்கு பிரஷரு. வோணும்னா மேல தூவிக்கோ."

"தூவுனா எப்டி அண்ணி ஒட்டும்? கொதிக்கசொல்ல போடணும்."

"எனக்கு இன்னா தெரியும்? மாடு துன்றத நான் சமைச்சுப் பழக்கமில்ல."

"சென்னாகுன்னியும் கருகிப் போச்சு."

"கருகுச்சின்னா கருகட்டும். துன்னு."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கையை ஊன்றினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அத்தை அவளைத் தாங்கப் போகவில்லை, தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. அம்மா மெதுவாக நடந்து சாய்ப்புக்குப் போனாள். சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். பரணுக்கு ஜாடி எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. எக்கி எடுத்தாள். உப்புப் போட்டாள். புதிதாக ஒரு பிடி சென்னாகுன்னியை வறுத்தாள். அத்தை வறுத்ததில் வராத அந்த வாசனை வீடு முழுக்க எழும்பியபோதுதான், இத்தனை நாளும் அது எங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்தது.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகவாயில் நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. வறுத்த நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று நினைத்து, நான் முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தேன். அத்தை உள்ளேயிருந்து, "விசிறாத. வுடு அவள" என்றாள்.

எனக்கோ குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. முடியாமல் படுத்திருந்தவளை நான் எழுப்பி வேலை வாங்கிவிட்டேன். ஒரே ஒரு நாள் உப்புப் போடாமல் விட்டதால் வந்தது இது. பின்பக்கம் கை கழுவ வந்த அத்தையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "மூணு நாளா நான்தான் அத்த உப்பு போட்டேன். இன்னிக்கி வுட்டுட்டேன்."

"தெரியும். பாவாட தொவைக்கசொல்ல பாத்தேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். ஈரக் கையை என் தலையில் வைத்தாள், அவ்வளவுதான். "போ. உங்கம்மா கூட்டு ஆறிடும்" என்றாள்.

அன்று நைனா மத்தியானமே வண்டியைப் படுதா போட்டு மூடிவிட்டு வந்துவிட்டார். அம்மா தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். தாளம் போடவில்லை. மறுபடி தட்டை நீட்டினார். அம்மா ஆறு வாய் சாப்பிட்டாள். அதற்கு மேல் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அத்தை அடுத்த வாரம் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனாள்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. ஊரப்பாக்கத்தில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது அத்தை வீட்டில்தான் ஐந்து வருஷம் தங்கினேன். அந்த ஐந்து வருஷத்தில் அத்தை ஒருநாளும் உப்பை மறக்கவில்லை. ருசி பார்க்கவும் மாட்டாள். பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், கை தானாக ஜாடிக்குள் போய் அள்ளிப் போடும், சரியாக இருக்கும். பிரஷர் மாத்திரை என்று ஒன்றை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. ஒருநாள் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அந்த நாலு நாளும் அவள் உப்பை மறக்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தையிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "உனக்கு வேற வேல இல்லியாடி" என்றிருப்பாள்.

அம்மாவின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து, பாவாடை முனையில் நாலு கல் உப்பை முடிந்துகொண்டு அந்தச் சாய்ப்பில் நின்ற ஒன்பது வயதுக்காரியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவள் உப்புப் போடாமல் இருந்திருந்தால் அம்மா முதல் நாளே எழுந்திருப்பாள். இன்னும் மூன்று நாள் அம்மாவைச் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்தது தன் கை உப்புதான் என்று அவளுக்குத் தெரியாது. கரைகிறவரை கிளறிக்கொண்டிருந்தாள்.