முப்பத்தொன்பதை நிறுத்தியவர்

பல் டாக்டர் அழைப்பிதழோடு வந்து நின்றார். கடுகு அவரை உட்காரச் சொல்லவில்லை.

கடுகு என்பது டிப்போ வைத்த பெயர். ஆள் குட்டை, சூடு பட்டால் வெடிப்பார். முப்பத்தொன்பதாம் எண் பேருந்தில் இருபத்து மூன்று வருடம் கண்டக்டர். அந்தத் தடத்தை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. அவர் ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான்.

பல் டாக்டர், நின்றுபோன பேருந்துத் தடங்களை நினைவுகூரும் குழு ஒன்றை நடத்திவந்தார். பழைய பெயர்ப்பலகைகளைத் தேடி வாங்கித் தன் கிளினிக் சுவரில் மாட்டியிருந்தார். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களுக்குப் படிக்க அங்கே வேறொன்றும் கிடையாது. இந்த முறை முப்பத்தொன்பதுக்குக் கூட்டம். ஞாயிறு காலை, நூலக மாடி. சிறப்பு விருந்தினர் கடுகு.

“முப்பத்தொன்பது ஓடினப்ப நீங்க எதுல போனீங்க?” என்று கேட்டார் கடுகு.

பல் டாக்டர் அழைப்பிதழைக் கையில் கொடுத்தார். “கார்ல, சார். ஆனா தினமும் பக்கத்துலயே வரும்...”

“அப்ப உங்க காருக்குக் கூட்டம் போடுங்க.”

ஆனாலும் அழைப்பிதழைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் பழைய டிப்போ மேலாளர் பெயரும் இருந்தது. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் கடுகு அவரைப் பென்சில் என்றுதான் சொல்வார், அதுவும் நல்ல மனநிலையில் இருக்கும்போது. அந்த ஆளை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டியது ஒன்று நாலு வருடமாக அவர் தொண்டையில் நின்றது. சொன்னால் மானம் போகும். சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டார், தூக்கம் போனது.

விஷயம் இதுதான். டிக்கெட் மெஷின் வந்தபோது கூடவே ஒரு விதியும் வந்தது. மாதப் பாஸ் வைத்திருப்பவர் ஏறினாலும் பாஸ் பட்டனை அமுக்கி, காசில்லாத சீட்டு ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுக்க வேண்டும். வண்டியில் எத்தனை பேர் என்று மெஷினுக்குத் தெரிய வேறு வழியில்லை. காலை ஐந்து பத்து வண்டியில் முப்பத்தொரு பாஸ்காரர்கள். ஆஸ்பத்திரி, சலவைக்கூடம், பனியன் ஆலை என்று வேலைக்குப் போகிறவர்கள். ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் தூங்கிவிடுவார்கள். யார் எங்கே இறங்குவார் என்பது கடுகுக்கு அத்துப்படி. அவரவர் இடம் வரும்போது தோளில் தட்டுவார், அதற்கு முன்னால் தொடமாட்டார். பட்டனையும் தொடமாட்டார்.

பென்சில் மூன்று மெமோ கொடுத்தார். மூன்றையும் கடுகு அவர் மேசைமேலேயே நாலாகக் கிழித்துப் போட்டார். நேரில் கூப்பிட்டுச் சொன்னால் விசிலை எடுத்து ஊதுவார். டிப்போவே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே மற்றவர்கள் இருவரையும் ஒரே அறையில் விட்டுவிட்டு வெளியே நின்றார்கள் என்று பிற்பாடு டிரைவர் ஒருவர் சொன்னார்.

பிறகு தடம் நின்றது. பயணிகள் போதவில்லை என்று ஒரு வரி அறிவிப்பு. பென்சில் தன்மேல் உள்ள வன்மத்தில் பொய்க் கணக்கு எழுதிவிட்டதாகக் கடுகு ஊரெல்லாம் சொன்னார். மனு மேல் மனு போட்டார். மூன்று வருடம் அலைந்து மெஷின் தாள்களின் நகலை வாங்கினார். தலையணை உயரக் கட்டு. அதை மகளிடம் கொடுத்தார். அவள் தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். எண்களைப் பார்த்தே பிழைப்பவள். பென்சிலின் திருட்டைக் கண்டுபிடி என்றார்.

அவளுக்கு இருபது நிமிடம்தான் தேவைப்பட்டது.

“அப்பா, இதுல திருட்டு இல்ல. ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாது. வாரத்துல ரெண்டு நாள் மாத்து கண்டக்டர் வர்றார். அன்னைக்கு நாப்பது பேர். மிச்ச நாலு நாள் உங்க ட்யூட்டி. ஒன்பது பேர். பாஸ் வரிசை முழுக்க பூஜ்யம்.”

சராசரி பத்தொன்பது. இருபத்திரண்டுக்குக் கீழே போனால் தடத்தை வெட்டலாம் என்பது விதி. கடுகு பட்டனை அமுக்கியிருந்தால் நாற்பது.

பதினோரு நாள் அவர் மகளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட மனைவி வழியாகத்தான் கேட்டார். “அவ கணக்குதானேங்க போட்டா, தப்பா போட்டாளா?” என்று மனைவி கேட்டதற்கு, தப்பாகப் போட்டிருந்தால் பேசியிருப்பேன் என்றார்.

ஞாயிறன்று மகள்தான் அவரை நூலகத்துக்கு அழைத்துப்போனாள். மாடி நிறைந்திருந்தது. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். ஒருவர் ஜன்னலோரக் காற்றைப் பற்றிச் சொன்னார். இன்னொருவருக்குக் காதல் அந்த வண்டியில்தான் தொடங்கியதாம். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பெயரைச் சொல்லாமல் விட்டார். முன்வரிசையில் பென்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பேசிய எல்லோரும் அவரைப் பார்த்து ஒரு குத்து குத்திவிட்டுத்தான் இறங்கினார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், “ஒரு தெருவுக்கே சங்கு ஊதின மனுஷன்” என்றபோது சீட்டி பறந்தது.

கடுகின் முறை வந்தது.

மைக்கைத் தட்டினார். ஒன்பது, நாற்பது, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று எண்களைச் சொன்னார். பட்டனை அமுக்காதது தான்தான் என்றார். “தூங்கறவங்களை எழுப்ப மனசு வரல” என்று முடித்தார்.

மாடி அதிரக் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் ஓடிவந்து மைக்கை வாங்கி, இந்தப் பெருந்தன்மையைப் பாருங்கள், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்றார். பிற்பாடு குழு வெளியிட்ட வீடியோவில் எண்கள் இல்லை. ‘மனசு வரல’ மட்டும் இருந்தது. எண்களைச் சேர்க்கச் சொல்லி மகள் இரண்டு முறை எழுதினாள். கணக்கை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. அதற்குள் கடுகு செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறன்று கூட்டம் கலைந்தபோது பென்சில் கடுகைக் கடந்து போனார். “அமுக்கலன்னா வண்டி போயிடும்னு அப்பவே ஏன்யா சொல்லித் தொலைக்கல?” என்று கடுகு சீறினார்.

“சொன்னேன். நீ விசில் ஊதின” என்று சொல்லிவிட்டுப் பென்சில் படி இறங்கினார்.

அப்போதுதான் ஒரு பெண் வழிமறித்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். ஐந்து பத்து வண்டியில் கடைசிக்கு முந்தின வரிசை. அந்நாளில் அண்ணே, அண்ணே என்பாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

“வண்டி நின்னப்புறம் நாலு கிலோமீட்டர் நடந்தேன். அஞ்சு வருஷம். முட்டி போச்சு, அப்புறம் வேலையும் போச்சு. அந்த மேனேஜரை வாய் வலிக்கத் திட்டிக்கிட்டே நடந்தேன்.”

“நீங்கல்லாம் அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. அதான்...”

“இறங்கறப்ப தட்டி எழுப்புவீங்கல்ல? அப்ப அமுக்கியிருக்கலாம்ல?”

இந்தக் கேள்வியைப் பென்சில் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை, தாள்களை வரி வரியாகப் பார்த்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

“அவன் சொன்னான்னுதான் அமுக்கல” என்றார் கடுகு. “அவன் சொல்லி நான் ஒண்ணு செய்யறதா?”

“அதை மைக்ல சொல்லியிருக்கணும்” என்றாள். திரும்பிப் படிக்கட்டுக்கு நடந்தாள்.

கடுகு மேடையைப் பார்த்தார். பல் டாக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மைக்கைக் கொடு என்றதற்கு, கூட்டம் முடிந்துவிட்டது சார் என்றார். கடுகு அவரைத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினார். எழுபது பேர் நிற்கும் வண்டியில் கடைசி சீட்டுவரை கேட்ட குரல்.

“எழுப்ப மனசு வரலன்னு சொன்னது பொய். அந்தாளு மேல இருந்த கோவத்துல அமுக்கல. வண்டியை நிறுத்தினது நான்தான்.”

நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. படிக்கட்டில் அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். பிறகு கெட்ட காலை முன்னால் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.