சாப்பிட மறுத்த வான்கோழி

போன மழைக்காலத்தில், பெங்களூரு மர்பி டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. கீழ் வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்காக வேலூருக்குக் கிளம்பும்போது, தான் பிள்ளைபோல வளர்த்த வான்கோழியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பின்பக்கத்தில் எங்கள் கோழிகளோடுதான் அது எப்போதும் மேயும். இதில் என்ன கஷ்டம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

கொஞ்ச நாளில் கோழிகளின் கொண்டையில் கொப்புளங்கள் கிளம்பின. "அம்மை போட்டிருக்கு" என்றார் கணவர். ஆரணிக்காரர், ஊர் வழக்கத்தை விடமாட்டார். கூண்டில் வேப்பிலை செருகியதோடு விட்டாரா? அம்மை இறங்கும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது என்று எனக்கும் தடை போட்டார். கோழிக்கு அம்மை வந்தால் ரசத்துக்கு ஏன் கடுகு ஆகாது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் நம்பி விட்டுப்போன வான்கோழிக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று, அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் தண்ணீர் டிரம் பக்கத்தில் கட்டிவைத்தேன்.

முதலில் நன்றாகத்தான் தின்றது. ஒரு வாரம் போனதும் தீனியைத் தொடவில்லை. எட்ட நின்று முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. வான்கோழியின் முகம் எப்போதுமே முடிச்சு முடிச்சாகத்தான் இருக்கும். காலையில் சிவப்பு, மதியம் நீலம். இதில் எது நோய், எது அழகு என்று நான் என்ன கண்டேன்? அக்காவை நினைத்து ஏங்குகிறதோ என்று அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சாப்பிடு ராசா. நான் வந்துடறேன்" என்றார் அக்கா.

அது கழுத்தை நீட்டிப் பதில் குரல் கொடுத்தது. ஆனால் காலடியில் கிடந்த சோளத்தைக் கொத்தவில்லை.

"வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட" என்றார் கணவர்.

மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை. அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுகை வந்துவிட்டது. வீட்டில் அம்மை இருக்கும்போது ஆஸ்பத்திரி போகக் கூடாது என்று முனகிய கணவரையே ஆட்டோ பிடிக்க வைத்து, கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

"இதுக்கும் அதே அம்மைதான், வைரஸ். கொசு கடிச்சும் பரவும்" என்றார், எங்கள் கோழிகளின் கதையைக் கேட்ட டாக்டரம்மா. "இல்லி நோடி, இங்க பாருங்க, ரெண்டு கண்ணையும் பொருக்கு மூடிடுச்சு. தீனி வேணாம்னு இல்லம்மா. எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியல."

கோழிகளிடமிருந்து வந்ததா, காப்பாற்றுவதாக நினைத்து நான் கட்டிவைத்த டிரம் பக்கத்துக் கொசுவிடமிருந்து வந்ததா என்று கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வைரஸுக்கு மருந்தில்லை, ஊட்டிவிட்டால் பிழைக்கலாம் என்றார்.

தீனியைப் பிசைந்து உருட்டி, அலகைத் திறந்து ஊட்டினேன். பொருக்கு உதிர்ந்து ஒரு கண் திறந்த அன்று, அது குனிந்து என் கால் மெட்டியைக் கொத்தியது. வலியோடு சிரித்துவிட்டேன்.

"போ, ரசத்தைத் தாளி" என்றார் கணவர்.

இப்போதும் வீட்டில் யாராவது வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால், கோபமா, ஏக்கமா என்று தூரத்தில் நின்று குழம்பாமல், பக்கத்தில் போய் முதலில் முகத்தைப் பார்க்கிறேன்.