பிரீனா போட்ட பிரேக்

எங்கள் பள்ளிக்கூட வேனை ஓட்டுபவள் பிரீனா. நான் அன்னக்கிளி, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. பிரீனாவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எவருக்கு எங்கே அடிபட்டாலும் இவள் போய் மன்னிப்புக் கேட்பாள். சர்ச் சபையில் அப்படி வளர்த்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டு இராஜாக்கமங்கலம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிலுவையை முன்னால் பிடித்தபடி ஒரு சவ ஊர்வலம் ரோட்டைக் கடந்தது. எங்கள் பக்கம் அதற்கு எவனும் ஹாரன்கூட அடிக்கமாட்டான். பிரீனா வேனை நிறுத்தினாள். படீரென்று பின்னால் ஒரு புதுக் கார் வந்து இடித்தது.

ஓட்டியவர் ஜெஃப்ரின், துபாயிலிருந்து லீவில் வந்தவர். இறங்கும்போதே மொபைலில் வீடியோ எடுத்தபடி இறங்கினார். நெற்றியில் ரத்தம். பிரீனா ஓடிப்போய், “ஐயோ, மன்னிச்சிருங்கண்ணா!” என்றாள். எனக்குப் பகீரென்றது.

நினைத்தபடியே ஆயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் போட்டுக் காட்டி, “சும்மா கெடந்த ரோட்டுல பிரேக் அடிச்சா சார், அவளே ஒத்துக்கிட்டா” என்று சாதித்தார். தப்பு தன்னுடையது என்று அவள் எழுதித் தந்தால் கேஸ் வேண்டாமாம்! தப்பு பிரீனாமேல் என்றால் வேன் சாவியை வாங்கிவிடுவதாகப் பள்ளித் தாளாளர் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். பெண் ஓட்டும் வண்டியில் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்றவர்களை, ஓட்டிக் காட்டியே வாயடைத்தவள் இவள்.

“எழுதிக் குடுத்துருவோமாக்கா?” என்று என்னிடம் கேட்டாள் பிரீனா.

“ஏட்டி, கிறுக்கி! பின்னால வந்து முட்டினது அவன். நீ எழுதிக் குடுத்தா நாளைக்கே சாவி போயிரும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சார், அண்ணனுக்க நெத்தியில ரத்தம் கண்டேன், அதுக்குத்தான் மன்னிப்பு கேட்டேன். பிரேக் போட்டதுக்கு இல்ல. வீடியோவ மொதல்லேருந்து போடச் சொல்லுங்க.”

எஸ்.ஐ. போட்டுப் பார்த்தார். வேனுக்கு முன்னால் சிலுவை, சவப்பெட்டி, பின்னால் நடந்த சனம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“இத்தனை பேர் கடக்கும்போது நிறுத்தாம ஏத்திட்டா போவாங்க? முன்னால போற வண்டி நின்னா நிக்கிற அளவுக்கு இடைவெளி விட்டு வரணும். தப்பு உங்க மேலதான்” என்றார் ஜெஃப்ரினிடம்.

கைதட்டத் தோன்றியது, தட்டியும்விட்டேன். எஸ்.ஐ. முறைத்தார். முறைக்கட்டுமே!

மறுநாள் காலை, நசுங்கிய பம்பரைப் பார்த்துத் தாளாளர் தயங்கினார். “அது அந்தக் கார்க்காரருக்க இன்சூரன்சுல சரியாகும் சார், அது நமக்க உரிமை. சாவியத் தாங்க” என்றாள் பிரீனா. கொடுத்தார். அன்று ஒரு வீட்டிலும் பிள்ளையை அனுப்பாமல் இருக்கவில்லை.